சராசரிக் குளிரில் யாரும் சாவதில்லை

உலகத்திலேயே ஒழுக்கமான குடும்பம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தைக் கை காட்டுவேன். அந்தக் குடும்பம் ஜன்னலைத் திறந்துவிட்டு மூட மறப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசல் கதவை ஆவென்று போட்டுவிட்டு ஓடுவதில்லை. வீட்டுக்குள் எப்போதும் 68 பாரன்ஹீட், அதாவது 20 டிகிரி. பாட்டி வந்தாலும் 20, பேரன் பிறந்தாலும் 20. சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டை ஒருவரும் தொட்டதில்லை. ஃபில்டர் அடைத்ததில்லை. மெக்கானிக் ஏமாற்றியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குடும்பம் வாழ்கிற வருடம் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. ஜனவரி ஒரு வருடத்தது, பிப்ரவரி வேறொரு வருடத்தது என்று, பழைய வானிலைப் பதிவுகளிலிருந்து அடக்க ஒடுக்கமான மாதங்களாகப் பொறுக்கி ஒட்டிய வருடம் அது.

இந்தக் குடும்பம் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது. இதற்கு மின்கட்டணம் ஏறுமா, இறங்குமா என்று பார்த்துத்தான் ரத்தமும் சதையுமான குடும்பங்களுக்கு என்ன மெஷின் மாட்டுவது, யாருக்கு மானியம் கொடுப்பது, எத்தனை மின்நிலையம் வைத்திருப்பது என்றெல்லாம் முடிவாகிறது. முடிவு பொய்த்தால் இந்தக் குடும்பம் குளிரில் நடுங்காது. அதற்குத்தான் ஆட்கள் இருக்கிறார்களே.

ஹீட் பம்ப் பற்றித்தான் சொல்கிறேன். நம் வீட்டு ஏசி உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஓட்டத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு வைத்தால் அதே மெஷின் வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். வெளியே பனி பெய்கிறதே, அங்கே ஏது சூடு என்று கேட்கலாம். பூஜ்யம் டிகிரிக் காற்றிலும் அள்ளுவதற்குச் சூடு உண்டு. மெஷின் கொஞ்சம் அதிகம் மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு கிடைக்கும். சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. லாபத்தின் ரகசியம் அதுதான். எரிவாயுவையும் எண்ணெயையும் எரித்து வீட்டைச் சூடாக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கட்டுரையை வெட்டி எரிவாயுக் கம்பெனிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். உங்களுக்கும் பின்னால் பந்தி இருக்கிறது.

வில்லங்கம் எங்கே வருகிறதென்றால், குளிர் ஏற ஏற வீட்டுக்குச் சூடு அதிகம் வேண்டும். அதே குளிர் ஏற ஏற மெஷினின் வலு குறையும். ஒரு கட்டத்துக்குக் கீழே துணைக்கு ஆள் தேவை. அந்த ஆள்தான் பேக்கப். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது பெரும்பாலும் ஒரு மின்கம்பிச் சுருள். நாம் பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடுக்குப் பெரியண்ணன். காற்றுக் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நிக்ரோம் கம்பி, வரிசைக்கு 5 கிலோவாட் வீதம் இரண்டு வரிசை, மூன்று வரிசை. தெர்மோஸ்டாட் கூப்பிட்டதும் 'டக்' என்று ஒரு ரிலே விழும். சற்று நேரத்தில் இன்னொரு 'டக்'. கம்பி செக்கச் சிவக்கும். பருவத்தின் முதல் தடவை என்றால் தூசி கருகும் வாடை வீடெங்கும் வரும். தெர்மோஸ்டாட் திரையில் 'ஆக்ஸ்' என்று பொடி எழுத்தில் ஒரு சொல் தெரியும். வேறு அறிவிப்பு கிடையாது. மூன்று கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்த வீடு பதின்மூன்று கிலோவாட் வீடாகிவிட்டது. ஒன்று போட்டால் மூன்று என்ற வியாபாரம் அந்தக் கம்பியிடம் நடக்காது. ஒன்றுக்கு ஒன்று, ரொக்கம்.

இப்படி ஒரு லட்சம் வீடுகளில் பத்து பத்து கிலோவாட் ஒரே விடியற்காலையில் சிவந்தால் 1,000 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை முழுமூச்சாக ஓடினால் வருகிற மின்சாரம் அது. வட கரோலினா, தென் கரோலினாவில் பத்து வீட்டில் சுமார் நான்கு வீடுகள் ஹீட் பம்ப் வீடுகள். எத்தனை லட்சம் கம்பிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிபுணர்கள் போடமாட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேறு வேலைதான் சிமுலேஷன். அமெரிக்க எரிசக்தித் துறை வளர்த்து 2001ல் வெளிவந்த எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் நிஜமாகவே அருமையானது. சுவர்த் தடிமன், கண்ணாடியின் அடுக்கு, கூரைப் பஞ்சு, இடுக்கு வழியாகக் கசியும் காற்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்கு ஒப்பிக்கும். ஹீட் பம்ப்புக்கு வளைகோடு வளைகோடாகச் சமன்பாடுகள் உண்டு. பேக்கப்புக்கு? வழக்கமான ஓட்டத்தில் பேக்கப் என்பது கழித்தல் கணக்கில் கடைசியில் நிற்கும் மீதி. வீட்டுக்கு வேண்டியது இவ்வளவு, பம்ப் கொடுத்தது அவ்வளவு, போக மிச்சம் 1.37 கிலோவாட். உடனே மாடலிலிருக்கும் கம்பி அச்சுப் பிசகாமல் 1.37 கிலோவாட் கொடுத்துவிட்டுக் கை கட்டி நிற்கும். நிஜக் கம்பிக்கு 1.37 தெரியாது. அதற்கு 5 தெரியும், 10 தெரியும், 15 தெரியும். அது பெரியதாக எரியும், பம்ப்புக்கு வேலையில்லாமல் செய்யும், அணையும், மறுபடி எரியும். இந்தப் படிக்கட்டுப் புத்தியையும் மாடலில் கொண்டுவரும் வசதியைச் சில நேர்மையான ஆய்வாளர்கள் சமீபத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு மணிக்கணக்கு போதாது, நிமிடத்துக்கு நிமிடம் ஓட்ட வேண்டும். கன்சல்டன்ட்டுக்கு அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

பனிக்காலத்தில் வெளியிலிருக்கும் யூனிட்டின் மேல் வெண்பனி படியும். அதைக் கரைக்க மெஷின் சில நிமிடம் தன்னையே திருப்பிக்கொண்டு, வீட்டுச் சூட்டை எடுத்து வெளியே விடும். அப்போது உள்ளே குளிர்காற்று வீசக்கூடாதென்று கம்பி எரியும். இரவில் பில்லை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு அம்மா தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்துவிட்டுத் தூங்கி, காலை 6 மணிக்குப் பழையபடி ஏற்றுவார். இடைவெளி பெரியது என்று பார்த்ததும் தெர்மோஸ்டாட் பொறுமையிழந்து கம்பியைக் கூப்பிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் அரை மணியில் போயிற்று. தெருவில் எல்லா அம்மாக்களும் அதே 6 மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு கூத்து உண்டு. பல தெர்மோஸ்டாட்டுகளில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று ஒரு பட்டன். கடுங்குளிர் அடித்தால் இது எமர்ஜென்சிதானே என்று மனிதர்கள் அதை அமுக்குகிறார்கள். அமுக்கினால் பம்ப் படுத்துக்கொள்ளும், கம்பி மட்டும் எரியும். மெஷின் கெட்டுப்போனால் அமுக்க வேண்டிய பட்டனுக்கு அப்படிப் பெயர் வைத்த மகானை யாரும் தண்டிக்கவில்லை. நம் ஒழுக்கக் குடும்பம் மட்டும் இதுவரை அதை அமுக்கியதே இல்லை.

பம்ப்பே போதுமான சூடு தரும்போது கம்பி எரியக்கூடாது என்று அமெரிக்காவின் எரிசக்திக் கட்டட விதித் தொகுப்பில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். விதியைப் படித்தவர் மெஷின் உட்கார்ந்திருக்கும் அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில், ஏறிப் பார்ப்பதில்லை. அட்டிக்கில் ஏறுகிறவர் விதியைப் படித்ததில்லை. அவர் செப்டம்பர் வெயிலில் வேலை முடித்து, சூடு வருகிறதா என்று ஒரு நிமிடம் கை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். கம்பியை முதலில் எரியும்படி இணைத்திருந்தால் சூடு இன்னும் நன்றாகவே வரும். வீட்டுக்காரர் கைகுலுக்கி நன்றி சொல்வார்.

சரி, பெரிய கணக்குகளுக்கு வருவோம். கொலராடோவின் கோல்டன் நகரத்தில் என்ஆர்இஎல் என்று அறியப்பட்ட தேசிய ஆய்வுக்கூடம், ஒரு குடும்பத்தை வைத்து நாட்டை அளப்பது அபத்தம் என்று புரிந்துகொண்டு, ரெஸ்ஸ்டாக் என்ற மாடலில் விதவிதமாக 5,50,000 வீடுகளைப் படைத்தது. 2024ல் 'ஜூல்' இதழில் முடிவு வந்தது: ஹீட் பம்ப் மாட்டினால் 62 முதல் 95 சதவீதம் வீடுகளுக்குக் கட்டணம் குறையும், எவ்வளவு தரமான மெஷின் என்பதைப் பொறுத்தது. நேர்மையான முடிவு. 62 வேறு, 95 வேறு; நடுவில் இருப்பது மெஷினின் தரம், அதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் மேடையேறும்போது அந்த வாக்கியத்தின் பின்பாதி படிக்கட்டிலேயே நின்றுவிடும். ஆதரிப்பவர் கையில் 95 இருக்கும். எதிர்ப்பவர் கையில் நூறிலிருந்து 62ஐக் கழித்த 38 இருக்கும். நடுவில் நிற்கும் ஏழை வீட்டுக்கு மலிவு மெஷினும் கம்பியும் போகும்.

எரிவாயு அன்பர்களே, பந்திக்கு வாருங்கள். 2018ல் அமெரிக்க எரிவாயு சங்கம் ஓர் ஆய்வை வெளியிட்டது: வீடுகளைச் சட்டம் போட்டு மின்சாரத்துக்கு மாற்றினால் 59,000 கோடி டாலர் முதல் 1.2 லட்சம் கோடி டாலர் வரை செலவாகும் என்று. அந்தத் தொகையைத் தாங்கும் பெரிய கால்களில் ஒன்று, குளிர் உச்சத்துக்காகப் புதிதாகக் கட்ட வேண்டிய மின்நிலையங்கள். உச்சக் குளிரில் பம்ப் எவ்வளவு சோம்பேறி, கம்பி எவ்வளவு சுறுசுறுப்பு என்று மாடலில் எழுதுகிறீர்களோ அதற்கேற்ப அந்தக் கால் வீங்கும். அதே கம்பி பம்ப் விற்பவரின் மாடலில் எலும்பும் தோலுமாக நிற்கிறது. ஒரே நாட்டில், ஒரே குளிரில், ஒரே நிக்ரோம் கம்பி இரண்டு கட்சிகளுக்கு இரண்டு உடம்பு காட்டுகிறது.

பழைய எரிவாயு உலையையே பேக்கப்பாக வைத்துக்கொள்ளும் கலப்பு முறை இன்னும் சௌகரியம். எந்த வெப்பநிலையில் பம்ப்பை நிறுத்தி உலையைப் பற்றவைப்பது என்று மாடலில் ஒரு கட்டம் இருக்கும். பாஸ்டனில் அந்தக் கட்டத்தில் 40 பாரன்ஹீட் என்று போட்டுப் பாருங்கள்: ஜனவரியின் சராசரியே அதற்குக் கீழே, ஆகவே குளிர்காலம் பூராவும் எரிவாயுதான், பம்ப் வாசலில் நிற்கும் அலங்காரம். 5 பாரன்ஹீட் என்று போடுங்கள்: உலை தூங்கும், பம்ப் உழைக்கும். வீடு அதே, மெஷின் அதே, குடும்பம் அதே. ஒரு கட்டத்தில் ஓர் எண். பசுமைச் சான்றிதழும் வேண்டும், எரிவாயு விற்பனையும் குறையக்கூடாது என்று விரும்புகிறவருக்கு 40. மானியத்தை நியாயப்படுத்த விரும்புகிறவருக்கு 5. அறிக்கை இருநூறு பக்கம். அந்த எண் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கும், பூதக்கண்ணாடி சகிதம் போகவும்.

முன்பு சொன்ன ஒட்டு வருடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஆட்களைக் கொன்றது அந்தச் சராசரிப் புத்திதான். பரவலாகப் புழங்கும் டிஎம்ஒய்3 என்ற வானிலைக் கோப்பு 2005 வரையிலான பதிவுகளிலிருந்து 'வழக்கமான' மாதங்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டியது. வழக்கமானதைத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் வேலை. வருடாந்தரக் கட்டணத்தைக் கணிக்க அது போதும், கோப்பைச் செய்தவர்களும் அதற்கு மேல் உரிமை கோரவில்லை. மெஷினின் அளவைத் தீர்மானிக்கும் குளிருக்கு இன்னொரு மரியாதையான வழக்கம் உண்டு: வருடத்தின் 99 சதவீத மணி நேரங்களுக்குப் பொருந்தும் வெப்பநிலையை எடுத்துக்கொள்வது. மீதி ஒரு சதவீதம் என்பது சுமார் 88 மணி நேரம். அந்த 88 மணி நேரத்துக்கு என்ன பதில் என்று கேட்டால், பேக்கப் இருக்கிறதே என்பார்கள். பேக்கப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், கிரிட் இருக்கிறதே என்பார்கள். கிரிட்டின் கணக்கு எதை வைத்துப் போட்டது என்று கேட்டால், தயவுசெய்து உட்காருங்கள், நேரமாகிறது.

டெக்சாஸின் மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட், 2020-21 குளிர்காலத்துக்கு மிக மோசமான நிலைமை வந்தால் தேவை 67,208 மெகாவாட் என்று எழுதி வைத்திருந்தது. மிக மோசம் என்பதற்கு அளவுகோல் 2011ன் குளிர். 2021 பிப்ரவரியில் யூரி புயல் வந்தது. டல்லஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி. மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருந்திருந்தால் தேவை 76,819 மெகாவாட்டைத் தொட்டிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். மிக மோசத்துக்கும் மேலே 9,600 மெகாவாட் வித்தியாசம்! டெக்சாஸில் பத்தில் ஆறு வீடுகள் மின்சாரத்தால் சூடாகிறவை. ஏராளமான வீடுகளில் பம்ப்கூடக் கிடையாது, வெறும் கம்பிதான். அது அத்தனையும் ஒரே ராத்திரியில் சிவந்தது. அதே ராத்திரியில் எரிவாயுக் கிணறு உறைந்தது, குழாய் உறைந்தது, மின்நிலையம் உறைந்தது. தேவையும் வழங்கலும் எதிரெதிர்த் திசையில் ஓடின. பிப்ரவரி 15 அதிகாலை முதல் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. முழுக் கட்டமைப்பும் சரிய 4 நிமிடம் 37 வினாடிதான் பாக்கி இருந்தது என்று எர்காட்டே பிறகு ஒப்புக்கொண்டது. டல்லஸ் புறநகரில் குடியேறிய நம் பிள்ளைகள், இங்கே கரண்ட் இல்லையம்மா என்று மதுரைக்கும் சேலத்துக்கும் சொல்ல நேர்ந்த அதிசயமும் அப்போதுதான்.

மாநில அரசின் இறுதிக் கணக்கில் 246 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் குளிரில் விறைத்து. வேறு சிலர் சூட்டுக்காகக் காரையும் கரியையும் வீட்டுக்குள் எரித்து, அந்தப் புகையில். உலகத்துக்கே எண்ணெயும் எரிவாயுவும் விற்கும் ஒரு மாநிலத்தில், தன் வீட்டுக் கட்டிலில், போர்வைக்குள் ஒரு கிழவர் விறைத்துப்போனதற்கு ஆளுநர் கிரெக் அபாட் டிவியில் காற்றாலைகளையும் சூரிய மின்தகடுகளையும் குற்றம் சொன்னார். அன்று விழுந்த உற்பத்தியில் பெரும்பகுதி எரிவாயுவினுடையது. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? காற்றாலைக்கு வாய் இல்லை, தேர்தலுக்கு நன்கொடையும் தராது.

விலை என்ன செய்தது என்பதையும் பார்த்துவிடுவோம். மின்சார மொத்த விலையை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட் 9 டாலரில், நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். மொத்த விலைத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு வீட்டில் அந்தப் பத்து கிலோவாட் கம்பி ஒரு நாள் முழுக்க எரிந்தால் 240 யூனிட், 2,160 டாலர். ஒரே ஒரு நாளுக்கு. சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது சும்மா இல்லை. மறுபக்கம், எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற குழாய்க் கம்பெனி, இந்தப் புயலால் மட்டும் சுமார் 240 கோடி டாலர் கூடுதலாக வந்ததென்று தன் முதலீட்டாளர்களிடம் மகிழ்ச்சியோடு தெரிவித்தது. புயலின் கடனைப் பத்திரங்களாக மாற்றி, வரும் ஆண்டுகளின் பில்களில் ஏற்றினார்கள். விறைத்துச் செத்தவரின் விதவை அந்தக் குளிருக்குத் தவணை கட்டுகிறார்.

ஒரு தடவை பட்டால் புத்தி வருமா? 2022 கிறிஸ்துமஸுக்கு எலியட் புயல் வந்தது. நாஷ்வில்லில் மைனஸ் 18 டிகிரி. பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே போனது 1996க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1933ல் பிறந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, டிசம்பர் 23 அன்றும் மறுநாளும், மின்வெட்டுக்கு உத்தரவு போட்டது. கரோலினாக்களில் டியூக் எனர்ஜி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய காலையில் சுமார் 5 லட்சம் வாடிக்கையாளர்களை இருட்டில் விட்டது. மின்நிலையங்கள் விழுந்தன, வெளியிலிருந்து வாங்கவிருந்த மின்சாரம் வரவில்லை, தேவை முன்கணிப்பைத் தாண்டி ஓடியது. சுழற்சி முறையில் வெட்டி வெட்டிக் கொடுப்பதற்கென்றே வைத்திருந்த மென்பொருளும் அன்று பார்த்துப் படுத்துவிட்டது. சற்று நேர இருட்டு என்று சொன்னது பலருக்கு மணிக்கணக்காக நீண்டது. கம்பிகள் லட்சக்கணக்கில் சிவக்கும் காலை எப்படி இருக்கும் என்று அந்த மாநிலங்களில் பல வருடத்து அனுபவம் இருந்தது. ஆனால் அந்த அளவுக் குளிர் முன்கணிப்புகளுக்குப் பழக்கமில்லாதது. கிழக்கு அமெரிக்க மின்கட்டமைப்பின் வரலாற்றிலேயே திட்டமிட்டுச் செய்த மிகப் பெரிய மின்வெட்டு அந்தப் புயலில்தான் நடந்தது என்று மின்துறையைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்தின் அறிக்கை பிறகு சொன்னது. அறிக்கைகள் மட்டும் உறைவதில்லை.

குளிர்தான் குற்றவாளி, தென்மாநிலத்தான் என்ன செய்வான் என்று ஒரு வக்கீல் கிளம்புவார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலம் இருக்கிறது. டல்லஸ்காரருக்குப் புயலாக வந்த குளிர் அங்கே சாதாரண ஜனவரி. 2025க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2019ல் இலக்கு வைத்து, 2023லேயே எட்டிவிட்டார்கள். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப். அங்கே மாட்டுவது மைனஸ் 15லும் மூச்சு விடுகிற, வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் இன்வெர்ட்டர் மெஷின். குளிரைப் பார்த்து அளவெடுத்தது. தெற்கே மாட்டியதில் பாதிக்கு மேல் ஒரே வேகத்தில் ஓடும் பழைய ரகம், கோடைக்கு ஏசியாக அளவெடுத்தது. குளிருக்குக் கம்பி இருக்கிறதே என்று விட்டது. நல்ல கம்ப்ரசர் ஆயிரக்கணக்கில் விலை, கம்பிச் சுருள் மலிவு. வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர், பில்லைக் கட்டுகிறவர் இன்னொருவர். முன்னவர் டெண்டரில் மிச்சம் பிடித்த காசை, பின்னவர் இருபது வருடம் ஜனவரி தோறும் திருப்பிக் கொடுக்கிறார். வாடகைக்காரர் என்றால் மெஷின் எந்த ரகம் என்று கேட்கும் உரிமைகூடக் கிடையாது. அவருக்கு 'ஆக்ஸ்' தெரியும். அது என்னவென்று தெரியாது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் 2022ன் சட்டம், நல்ல மெஷின் வாங்குகிறவருக்குச் செலவில் 30 சதவீதம், 2,000 டாலர் வரை, வரிக்கழிவு தந்தது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு. கம்பியோடு காலம் தள்ளும் டிரெய்லர் வீட்டுக்காரருக்குக் கழிக்க வரியே இல்லை. அந்தச் சலுகையையும் 2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம் அந்த ஆண்டோடு மூடிவிட்டது. மூடியவர்களுக்கும் ஒரு மாடல் இருந்திருக்கும். கொண்டுவந்தவர்களுக்கும் ஒன்று இருந்தது. இரண்டிலும் பாட்டிக்கு 20 டிகிரி.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. வீட்டுச் சூடு பற்றிய எந்த ஆய்விலும் பேக்கப் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். ஆய்வு செய்தவர், செய்யச் சொன்னவர், அதைக் காட்டி ஓட்டோ மானியமோ லாபமோ வாங்கியவர், மூவரும் போடட்டும். அந்த வருடத்தின் மிகக் குளிர்ந்த 88 மணி நேரம் வரும்போது, மூவரையும் அந்த மாடல் வீட்டின் நிஜப் பதிப்பில், அதே மலிவு மெஷின், அதே அட்டிக் மெக்கானிக் போட்ட இணைப்பு, அதே கூரைப் பஞ்சு சகிதம் குடிவைப்போம். யூனிட் 9 டாலர் என்றாலும் பில் அவர்கள் பெயரில் வரட்டும். தெர்மோஸ்டாட் 68ல் இருக்கும், தொடக்கூடாது. மாடலில் யாரும் தொடவில்லையே. கரண்ட் போனால் கார் ஷெட்டுக்குப் போகக்கூடாது, கரி மூட்டக்கூடாது. மாடலில் கரண்ட் போனதே இல்லை. ஆளுக்கொரு போர்வை தரலாம். டீ வேண்டுமென்றால் பிளாஸ்க்கில் கொண்டுவரட்டும். மின்கெட்டிலுக்கு அனுமதியில்லை, அது ஒன்றரை கிலோவாட் இழுக்கும், அவர்கள் கணக்கில் அதற்கு இடமில்லை.